மனைவியும் மகளும் ஜப்பான் வருகிறார்கள்: ஜைர்யூ கார்டு, மை நம்பர் கார்டு பற்றிச் சில கேள்விகள்

கசாய்_புதியவன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் வேலைக்காக டோக்கியோ வந்தேன், நிஷி கசாயில் இருக்கிறேன். மனைவிக்கும் மூன்று வயது மகளுக்கும் டிபெண்டன்ட் விசா கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் நரிதாவில் இறங்குகிறார்கள். நான் வந்தபோது எங்கள் கம்பெனி ஆளே குயாகுஷோவுக்கு (வார்டு அலுவலகம்) கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார். இப்போது நானேதான் செய்ய வேண்டும்.

ஜைர்யூ கார்டு (வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டை) விமான நிலையத்திலேயே இரண்டு பேருக்கும் கிடைத்துவிடுமா? முகவரிப் பதிவுக்கு நான் மட்டும் ஒரு நாள் லீவு போட்டுப் போனால் போதுமா? மனைவிக்கு மை நம்பர் கார்டு (ஒவ்வொருவருக்கும் அரசு தரும் எண் உள்ள அடையாள அட்டை) அவசியமா, அவர் வேலைக்குப் போகப் போவதில்லை. கடைசியாக, பெயர்ப் பிரச்சினை. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அப்பா பெயர். மனைவியின் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. மகளுக்கு என் பெயர் சர்நேம். ஒரே வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று விதம். இதனால் ஏதாவது சிக்கல் வருமா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

நகோயா_முத்து எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில். நரிதா, ஹனேடா, சூபு, கன்சாய் மாதிரி பெரிய விமான நிலையங்களில் இமிக்ரேஷன் கவுண்டரிலேயே ஜைர்யூ கார்டு கொடுத்துவிடுவார்கள். குழந்தைக்கும் தனிக் கார்டு உண்டு. கவுண்டரை விட்டு நகரும் முன் பெயர், பிறந்த தேதி, தங்கும் காலம் மூன்றையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே சொல்வது நல்லது. கார்டில் முகவரி இடத்தில் இன்னும் முடிவாகவில்லை என்று ஜப்பானிய எழுத்தில் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குயாகுஷோவில் பதிந்தபிறகு பின்பக்கம் எழுதித் தருவார்கள். வீட்டில் குடியேறிய நாளிலிருந்து 14 நாளுக்குள் பதிய வேண்டும்.

தென்றல்_யோகோஹாமா எழுதியது:

தம்பி, நானும் டிபெண்டன்ட் விசாவில் வந்தவள்தான். அதனால் உங்கள் கேள்விகளை உங்கள் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

"நான் மட்டும் போனால் போதுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அது அவருடைய பதிவு. எந்தக் கவுண்டர், எந்தப் படிவம், எந்த எண் சீட்டு என்று ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் அடுத்த தடவை உங்களுக்கு லீவே தேவைப்படாது. எப்படியும் பின்னால் மை நம்பர் கார்டு வாங்க அவர் நேரில் வந்தாக வேண்டும்.

போகும்போது மூன்று பேருடைய ஜைர்யூ கார்டு, பாஸ்போர்ட், அதோடு திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ். பலர் இந்தக் கடைசி இரண்டையும் ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். இவர் மனைவி, இவள் மகள் என்று உங்கள் குடும்பப் பதிவில் எழுத, உறவைக் காட்டும் சான்றிதழும் அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். மொழிபெயர்ப்பாளரிடம் பணம் கட்ட வேண்டும் என்று பெரும்பாலும் இல்லை. நீங்களோ, ஜப்பானிய மொழி தெரிந்த நண்பரோ செய்து, அடியில் மொழிபெயர்த்தவர் பெயரும் தேதியும் போட்டால் ஏற்றுக்கொள்கிறார்கள். மூன்று பேருக்கும் மூன்று விதமாகப் பெயர் இருப்பது இங்கேதான் கேள்வியாக வரும். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இனிஷியலோடும், பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் விரிந்தும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று கவுண்டரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? நம் ஊரில் இனிஷியல் என்பது அப்பா பெயர் என்று ஜப்பானிய மொழியில் இரண்டு வரி எழுதி மொழிபெயர்ப்போடு வைத்துவிடுங்கள். எங்களுக்கு அந்த இரண்டு வரிதான் உதவியது.

சர்நேம் காலியாக இருப்பது தடையில்லை. பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே ஆங்கில எழுத்தில் கார்டில் வரும். தலைவலி கதாகனாவில்தான், அதாவது வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தில். படிவத்தில் பெயரின் உச்சரிப்பை கதாகனாவில் எழுதச் சொல்வார்கள். விக்னேஷ் என்ற பெயரை ஒருவர் "வி" என்று தொடங்கி எழுதுவார், இன்னொருவர் அந்த ஒலிக்கு வழக்கமான "பி" போட்டுத் தொடங்குவார். கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆள். குயாகுஷோவில் ஒன்று, வங்கியில் ஒன்று, காப்பீட்டில் ஒன்று என்று விழுந்துவிட்டால், பணம் வர வேண்டிய நேரத்தில் பெயர் பொருந்தவில்லை என்று கடிதம் வரும். எனக்கு ஒரு வங்கியில் அப்படி ஆகி, கணக்குத் திறக்க மறுபடி முதலிலிருந்து எல்லாக் காகிதமும் கொடுக்க வேண்டி வந்தது. அதனால் அவர்கள் விமானம் ஏறும் முன்பே மூன்று பேர் பெயரையும் கதாகனாவில் எழுதி, போனில் ஒரு படமாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கேட்டாலும் அதைப் பார்த்தே எழுதுங்கள். இடைவெளி எங்கே விடுகிறீர்கள் என்பதுகூட ஒரே மாதிரி இருக்கட்டும்.

இப்போது மை நம்பர். அவர் வேலைக்குப் போகாவிட்டாலும் எடுத்துவிடுங்கள். 12 இலக்க எண் என்னவோ முகவரி பதிந்தாலே தானாக வந்துவிடும். சில வாரத்தில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வரும், கூடவே கார்டுக்கான விண்ணப்பம் இருக்கும். அதிலுள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, போனிலேயே படம் எடுத்து அனுப்பலாம். முதல் கார்டுக்குக் கட்டணம் இல்லை. கார்டு தயாரானதும் அஞ்சலட்டை வரும், ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இதற்கிடையில் அவர்களை உங்கள் கம்பெனிக் காப்பீட்டில் சேர்க்க அந்த எண் உடனே வேண்டும் என்பார்கள். கடிதத்துக்குக் காத்திருக்க முடியாவிட்டால், எண்ணோடு சேர்த்து அச்சிட்ட ஜூமின்ஹ்யோ (முகவரிப் பதிவுச் சான்று) வேண்டும் என்று குயாகுஷோவில் கேளுங்கள். சாதாரணமாகக் கேட்டால் எண் இல்லாததைத்தான் தருவார்கள்.

ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்றால், 2024 டிசம்பர் 2 முதல் பழைய மாதிரியான காப்பீட்டு அட்டையைப் புதிதாகத் தருவதை நிறுத்திவிட்டார்கள். மை நம்பர் கார்டு இல்லாதவர்களுக்கு வேறொரு சான்று தருகிறார்கள், அதை வைத்தும் மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால் கார்டு கையில் இருந்தால் கிளினிக் வாசலில் இருக்கும் கருவியில் வைத்து, முகத்தைக் காட்டிவிட்டு உட்காரலாம், பேசவே தேவையில்லை. ஜப்பானிய மொழி தெரியாமல் காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தால்தான் தெரியும். ஜூமின்ஹ்யோ வேண்டுமென்றால் கொம்பினி என்கிற சிறு கடைகளில் இருக்கும் ஜெராக்ஸ் இயந்திரத்திலேயே எடுக்கலாம், காலை 6:30 முதல் இரவு 11 வரை. தன் விசாவைத் தானே ஆன்லைனில் நீட்டிக்கவும் இந்தக் கார்டு வேண்டும். 2025 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தை 4,000 யென்னிலிருந்து கவுண்டரில் 6,000 என்றும் ஆன்லைனில் 5,500 என்றும் ஏற்றினார்கள்.

அப்புறம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கார்டை வாங்கும்போது இரண்டு ரகசியக் குறியீடு வைக்கச் சொல்வார்கள். ஒன்று 4 இலக்க எண். மற்றொன்று ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் கலந்து 6 முதல் 16 வரை. இரண்டையும் உங்கள் மனைவியே யோசித்து, அவரே தட்டட்டும். எனக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகளில் கணவர்தான் எண் வைத்தார், கார்டும் அவர் பர்ஸில். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், "உனக்கு எதற்குச் சிரமம்" என்று. ஒரு தோழியின் கணவர் வெளியூரில் இருந்தபோது குழந்தைகள் காப்பகத்துக்கு அவசரமாக ஜூமின்ஹ்யோ கேட்டார்கள். கொம்பினி இயந்திரத்தின் முன் நின்று அவள் எண்ணை ஊகித்து அடித்தாள். மூன்று தடவை தப்பானால் பூட்டிக்கொள்ளும். பிறகு அவள் குயாகுஷோவுக்குப் போய்த் திறக்க வேண்டி வந்தது. அன்று அவள் போனில் அழுதது கார்டுக்காக இல்லை தம்பி. இந்த ஊரில் தன் பெயரில் இருக்கும் ஒன்றைக்கூடத் தன்னால் பயன்படுத்த முடியவில்லையே என்றுதான் அழுதாள்.

ஜைர்யூ கார்டும் அப்படித்தான். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், போலீஸ் கேட்கும்போது இல்லாவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் போட இடமிருக்கிறது. உங்களிடம் இருந்தால் அது அவரிடம் இருப்பதாக ஆகாது. கார்டு கையில் இருந்தால் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

கசாய்_புதியவன் எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. சான்றிதழ் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, இன்றே ஊருக்குப் போன் பண்ணி இரண்டையும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். கதாகனாவை நானும் அவளும் சேர்ந்தே எழுதப் போகிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். என் விசா அடுத்த வருடம் முடிகிறது, அவர்களுக்கும் அதே தேதிதான். நீட்டித்தால் மை நம்பர் கார்டும் தானாக நீளுமா? அப்புறம், பின்னாளில் அவள் பகுதிநேர வேலை பார்க்க நினைத்தால் கார்டை மாற்ற வேண்டுமா?

சைதாமா_கணேஷ் எழுதியது:

நீளாது! நம்மவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். வெளிநாட்டவரின் மை நம்பர் கார்டு விசா முடியும் தேதியோடு முடியும். இமிக்ரேஷனில் புது ஜைர்யூ கார்டு வாங்கியதும், பழைய தேதி தாண்டும் முன் குயாகுஷோவுக்குப் போய் மை நம்பர் கார்டின் தேதியையும் மாற்ற வேண்டும். தேதி தாண்டினால் கார்டு செத்துவிடும், மறுபடி விண்ணப்பித்து, 1,000 யென் கட்டி, இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டியதுதான். நீட்டிப்பு விண்ணப்பம் கொடுத்து முடிவு வராமல் இருந்தால் விசாவுக்கு இரண்டு மாதம் வரை சலுகைக் காலம் உண்டு. அதைக் காட்டி மை நம்பர் கார்டையும் அதுவரை நீட்டிக்கலாம், ஆனால் அதுவும் நாம் போய்க் கேட்டால்தான்.

ஊருக்குப் போகும்போது ஒன்று கவனம். புறப்படும் முன் விமான நிலையத்தில் கொடுக்கும் சிறிய படிவத்தில், ஒரு வருடத்துக்குள் திரும்பி வருகிறேன் என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். மனைவி குழந்தையோடு தனியாகப் பயணம் செய்தால் இதைச் சொல்லி அனுப்புங்கள், குழந்தைக்கும் தனிப் படிவம். அந்த டிக் இல்லாமல் கிளம்பினால் மொத்தமாகப் போகிறார் என்று எடுத்துக்கொண்டு ஜைர்யூ கார்டில் ஓட்டை போட்டுவிடுவார்கள். அதோடு விசாவும் போய்விடும். ஊரில் இருந்துகொண்டு அந்த ஒரு வருடத்தை நீட்டவும் முடியாது.

ஜைர்யூ கார்டு தொலைந்துபோனால், முதலில் கோபனில் (தெருமுனைப் போலீஸ் சாவடி) சொல்லி ஒரு புகார் எண் வாங்குங்கள். தெரிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் இமிக்ரேஷனில் புது ஜைர்யூ கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதுக் கார்டில் எண் வேறாக இருக்கும், வங்கியிலும் கம்பெனியிலும் மறக்காமல் சொல்லுங்கள்.

தென்றல்_யோகோஹாமா எழுதியது:

கணேஷ் சொன்ன தேதி விஷயத்தை உங்கள் மனைவியின் போனிலும் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள், மூன்று பேர் தேதியும்.

வேலை பற்றி: ஜைர்யூ கார்டை மாற்ற வேண்டாம். இப்போது அவர் கார்டின் முன்பக்கம் வேலை செய்யக் கூடாது என்று ஜப்பானிய எழுத்தில் இருக்கும். இமிக்ரேஷனில் அனுமதிக்கு விண்ணப்பித்தால், அதே கார்டின் பின்பக்கம் கீழே வாரத்துக்கு 28 மணி நேரத்துக்குள் என்று முத்திரை போட்டுத் தருவார்கள். கட்டணம் கிடையாது. மாணவர்களைப்போல விமான நிலையத்திலேயே இதை வாங்க நமக்கு வழி இல்லை. இரண்டு கடையில் வேலை பார்த்தாலும் மொத்தமாகத்தான் 28 மணி நேரம். வேலை கிடைத்தபிறகு ஓடுவதைவிட முதலிலேயே வாங்கி வைத்துவிடலாம், வேலைக்கு எடுப்பவர்கள் அந்தப் பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பார்கள். நான் முத்திரை வாங்கி வெகுநாள் கழித்துத்தான் ஒரு பேக்கரியில் சேர்ந்தேன். அது கார்டில் இருக்கிறது என்ற தெம்பில்தான் நேர்காணலுக்கே போனேன்.

நகல் கொடுப்பதிலும் அவருக்கு ஒன்று சொல்லிவிடுங்கள். மை நம்பர் கார்டின் பின்பக்கத்தில்தான் அந்த 12 இலக்கம் இருக்கிறது. கார்டோடு தரும் பிளாஸ்டிக் உறையே அதை மறைக்கிற மாதிரிதான் செய்திருப்பார்கள். வேலை தருபவர், வரி, காப்பீடு, வங்கி மாதிரி உண்மையிலேயே எண் தேவைப்படுகிற இடத்துக்கு மட்டும் பின்பக்கம். போன் கடையிலோ வீட்டுத் தரகரோ கேட்டால் முன்பக்கம் போதும் என்று சொல்லலாம், சொல்வதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

மகளுக்கு வார்டிலேயே மருத்துவச் சலுகை அட்டை கொடுப்பார்கள், அது இருந்தால் டோக்கியோ 23 வார்டுகளில் குழந்தைக்கு மருத்துவரிடம் பணம் கட்ட வேண்டியதில்லை. காப்பீட்டில் சேர்ந்த விவரம் வந்ததும் அதற்கு விண்ணப்பியுங்கள். நரிதாவிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவரையே இந்த மன்றத்தில் ஒரு கணக்குத் திறக்கச் சொல்லுங்கள் தம்பி, மீதிச் சந்தேகங்களை என்னிடம் நேராகக் கேட்கட்டும்.