ஏழாம் வகுப்புக்கு விண்வெளி வாரம்: அறிவியல் தவிர மற்ற பாடங்களில் என்ன செய்யலாம்?

கேள்வி (சென்னை, நடுநிலைப்பள்ளி)

வணக்கம். ஏழாம் வகுப்பில் 40 பிள்ளைகள், பாடவேளை 45 நிமிடம், மைதானம் 100 மீட்டர் நீளம். விண்வெளியை ஒரு வாரம் எல்லாப் பாடத்திலும் நடத்த நினைக்கிறோம். ஆனால் தெர்மாகோல் உருண்டைக்கு வண்ணம் பூசுவது, நிலாவைப் பற்றிக் கவிதை எழுதுவது என்பதோடு நின்றுவிடுகிறது. கணக்கு வகுப்பில் கணக்கே நடக்க வேண்டும். எதில் தொடங்கலாம்?

பதில் 1

மைதானத்தில் தொடங்குங்கள் டீச்சர். 1 செ.மீ. = 1 லட்சம் கி.மீ. என்று வையுங்கள். சூரியன் 14 செ.மீ. அட்டை வட்டம். பூமி ஒரு கடுகு, 15 மீட்டர் தள்ளி. நிலா பென்சில் புள்ளி, கடுகிலிருந்து 4 செ.மீ. செவ்வாய்க்கு 23 மீட்டர். வியாழன் ஒரு கோலிக்குண்டு, 78 மீட்டர். சனி 143 மீட்டரில், மதில் சுவரைத் தாண்டிவிடும். நெப்டியூன் ஒரு மிளகு, 450 மீட்டரில். அது எந்தத் தெருமுனை என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

பிசகுவது இரண்டு இடத்தில். மில்லியனில் உள்ள தூரத்தை முதலில் கோடிக்கு மாற்றாவிட்டால் சுழியம் கூடும், குறையும். அடுத்து, எல்லாத் தூரமும் சூரியனிலிருந்து. முந்தைய கோளிலிருந்து நாடாவைப் பிடித்தால் எல்லாமே தள்ளிப்போகும். கடுகை செல்லோடேப்பால் அட்டையில் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பூமி தொலைந்துவிடும்.

இதே அளவில் ஒளி நொடிக்கு 3 செ.மீ.தான் போகும். ஒரு பிள்ளை நிமிடத்துக்கு 180 செ.மீ. வீதம் நகர்ந்தால் கடுகைத் தொட 8 நிமிடம் 20 நொடி. இதைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

பதில் 2

சமூக அறிவியலும் கணக்கும் சேரும் இடம் நிழல். ஏப்ரல் 24ஐ ஒட்டிச் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும், செங்குத்துக் கோலுக்கு நிழல் இராது. அன்று கன்னியாகுமரிப் பக்கத்துப் பள்ளியில் 1 மீட்டர் கோலின் நிழல் ஏறக்குறைய 8.7 செ.மீ. இருக்கும், அதுவும் தெற்கே விழும். கோலுக்கும் அதன் உச்சியிலிருந்து நிழல் நுனிக்கு வரும் கதிருக்கும் நடுவே உள்ள கோணம் 5 டிகிரி. இரண்டு ஊருக்கும் அட்சரேகை வித்தியாசம் 555 கி.மீ. 360ஐ 5ஆல் வகுத்து 555ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 39,960 கி.மீ.

இங்கே 700 கி.மீ. என்று சாலைத் தூரத்தைப் போட்டால் 50,400 வரும். வடக்கு தெற்குத் தூரம் மட்டுமே கணக்கு. கோணத்தை நோட்டில் சிறிதாக வரையாதீர்கள். 1 டிகிரி கூடினால் விடை 33,300 ஆகிவிடும். தரையில் சாக்கட்டியால் முழு அளவில் வரைந்து, கரும்பலகைக் கோணமானியால் அளக்க வேண்டும். கோல் செங்குத்தா என்று தூக்குக்குண்டு கட்டிப் பாருங்கள்.

இரு ஊரிலும் ஒரே கடிகார நேரத்தில் அளக்கவும் கூடாது. கன்னியாகுமரி மேற்கே இருப்பதால் அங்கே நண்பகல் 11 நிமிடம் தாமதம். 12 மணி முதல் 12:30 வரை 2 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து, மிகக் குறைந்த நிழலை எடுங்கள்.

பதில் 3

தமிழ் வகுப்புக்கு: மூன்றாம் பிறையில் தொடங்கி ஐந்து நாள், மாலை 7 மணிக்கு நிலாவைப் பார்த்து எழுதட்டும். எந்தத் திசை, அடிவானத்துக்கு மேலே நீட்டிய கையில் எத்தனை முஷ்டி உயரம் (ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி), எந்தப் பக்கம் வெளிச்சம். உவமை வேண்டாம். மறுநாள் வேறொரு பிள்ளை அதைப் படித்து மட்டுமே படம் வரைய வேண்டும். "மேலே", "கொஞ்சம் பக்கத்தில்" என்று எழுதியது அங்கே பிடிபட்டுவிடும். இதைவிட நல்ல உரைநடைப் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

பார்க்காமல் எழுதினால் பிறையை நிமிர்ந்த அரிவாளாக வரைவார்கள். நம் ஊரில், குறிப்பாகப் பிப்ரவரி, மார்ச்சில், அது தோணிபோலப் படுத்திருக்கும். பிறைக்கு உள்ளே நட்சத்திரம் வரைந்தால், நிலாவின் இருண்ட பகுதிக்கு முன்னால் நட்சத்திரம் எப்படி வரும் என்று கேளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வைக்காதீர்கள், மேகம் கெடுக்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி. ஏப்ரல் கடைசியில் தேர்வு. நிழலை வேறு நாளில் அளக்கலாமா?

பதில் 2 எழுதியவர்

ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் சென்னையில் நிழல் மறையும். அதுவும் முடியாவிட்டால் எந்த நாளும் ஆகும்: இரு ஊரிலும் ஒரே நாளில் கோணத்தை அளந்து, இரண்டு நிழலும் ஒரே திசையில் விழுந்தால் கழியுங்கள், எதிரெதிரே விழுந்தால் கூட்டுங்கள். வருவது அதே 5 டிகிரிதான்.