இத்தாலி ஆல்ப்ஸ், கோஞ் பள்ளத்தாக்கு: ஜூலையில் நடக்க எந்தப் பாதை?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். ஜூலை மூன்றாவது வாரம் நானும் தங்கச்சி மாப்பிள்ளையும் மிலான் போறோம். வேலை முடிஞ்சதும் மூணு முழு நாள் கையில இருக்கு. அவோஸ்தா பக்கத்துல கோஞ் ஊர்ல தங்கி, கிரான் பாரடீசோ தேசியப் பூங்காவுல நடக்கலாம்னு யோசனை. ரெண்டு பேரும் சதுரகிரி, சிறுமலை ஏறிப் பழகினவங்க. பனியில நடந்து பழக்கம் இல்லை, கயிறு கட்டி ஏறுற வேலையும் வேண்டாம். ஒரு ராத்திரி மேலே மலைக்குடில்ல தங்கணும். மாப்பிள்ளை சுத்த சைவம். எந்தப் பாதை சரி, மதுரையிலேயே என்ன தயார் பண்ணணும், யாராவது விவரமா சொல்லுங்க.

நாகமலையான்:

மூணு நாளுக்கு கோஞ் நல்ல தேர்வு. மிலான்ல இருந்து அவோஸ்தாவுக்கு நேரடி பஸ் பிடிங்க. ரயிலை நம்ப வேண்டாம். இவ்ரேயா–அவோஸ்தா பாதையை மின்மயமாக்க 2024 ஜனவரியில மூடினாங்க, அந்தத் துண்டுக்கு மாற்று பஸ் விட்டாங்க. திரும்பத் திறந்தாச்சான்னு பார்த்துக்குங்க. அவோஸ்தாவுல இருந்து கோஞ்சுக்கு இன்னொரு பஸ், ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடும். 2024 ஜூன் கடைசியில வந்த வெள்ளத்துல இந்த ரோடு அறுந்து ஊரே துண்டாயிடுச்சு. அதனால பெருமழை அறிவிப்பு இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி ரோடு நிலவரம் பாருங்க.

கோஞ் 1534 மீட்டர், நம்ம கொடைக்கானலை விடத் தாழ்வு. முதல் நாள் உடம்பு பழக லில்லா அருவிக்குப் போங்க. ஆற்றோரமா 3 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சமதளம். மூணு தாவலா விழுற அருவி, பக்கத்துலயே ஏறிப் பார்க்கப் பாதை இருக்கு. அடுத்த தடவை வந்தா போக, லில்லாவுல இருந்து ஏறுற லோயே ஏரியைக் குறிச்சு வைங்க. செங்குத்தான காட்டுப் பக்கம் ஏறி, பார்தோனே புல்வெளி வழியா சரிவு குறைஞ்ச பக்கம் இறங்கணும். தலைகீழா சுத்தினா முழங்கால் திட்டும்.

ரெண்டாம் நாள்தான் முக்கியம். வால்நோந்தே கிராமத்துல (1666 மீட்டர்) இருந்து விட்டோரியோ செல்லா குடில் (2584 மீட்டர்). தொட்டபெட்டாவை விட சற்றுக் கீழே. ஏற்றம் 918 மீட்டர், ஆனா பாதை வளைஞ்சு வளைஞ்சு நிதானமா ஏறும். காரணம் இருக்கு. 1856-ல இருந்து இது இரண்டாம் விட்டோரியோ இமானுவேலே மன்னரோட வேட்டைக்காடு. மன்னர் குதிரையில போக வெட்டின பாதை, அதனால சரிவு குறைவு. 1922-ல தேசியப் பூங்காவாச்சு. மஞ்சள் முக்கோணத்துக்குள்ள 2-னு எழுதின குறியைப் பிடிச்சுப் போங்க, அது ஆல்தா வியா 2 நெடும்பாதை.

நேரத்தை கிலோமீட்டர் வச்சுக் கணக்குப் போடாதீங்க, நம்மவங்க பெரும்பாலும் சறுக்குறது இங்கதான். ஏற்றத்துக்கு மணிக்கு 300 மீட்டர், சமதளத்துக்கு மணிக்கு 4 கிலோமீட்டர். ரெண்டையும் தனித்தனியா கணக்குப் போட்டு, பெரிய எண்ணோட சின்ன எண்ணில் பாதியைக் கூட்டணும். செல்லாவுக்கு 918-ஐ 300-ஆல வகுத்தா 3 மணி சொச்சம். தூரம் 5 கிலோமீட்டர்னு வச்சா ஒன்றேகால் மணி, அதுல பாதி. ஆக மூணே முக்கால் மணி நேரம். அங்க உள்ளவங்க இரண்டரை மணியில ஏறிடுவாங்க, அந்தக் கணக்கு உங்களுக்கு ஆகாது. இறங்க மணிக்கு 500 மீட்டர்னு போடுங்க, இரண்டரை மணி வரும்.

பசுமலை_நடை:

செல்லாவுல தங்கிட்டு மறுநாள் வந்த வழியே இறங்குறது சப்புன்னு இருக்கும். அங்கிருந்து மலை இடுப்பை ஒட்டியே எர்பெத்தே குடிசைகள் வரை போய், பள்ளத்தாக்கு வழியா வால்நோந்தேக்கு இறங்கலாமே. பனியாறுகள் எதிர்ல தெரியும். அந்தச் சுற்றுதான் அழகு.

பயிற்சி பத்தி: 918 மீட்டர்னா ஆறேழு பழனி மலை. அழகர்கோவில் அடிவாரத்துல இருந்து நூபுர கங்கை வரை, விடியக்காலை, முதுகுல 6 கிலோ பையோட ஏறி இறங்குங்க. ஒரே காலையில ரெண்டு தடவை செய்ய வந்தா கால் தயார். இறக்கத்தைப் பஸ்ல முடிச்சுக்காதீங்க. தொடைத் தசை நீண்டுக்கிட்டே பாரம் தாங்குறது இறங்கும்போதுதான், மறுநாள் வலியும் அதனாலதான்.

ஷூ விஷயத்துல ஒண்ணு. பரண்ல வருஷக்கணக்கா கிடக்கிற பழைய மலை ஷூவை எடுத்துட்டுப் போயிராதீங்க. பாலியூரித்தேன் அடிப்பாகம் நம்ம ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் போடாம வச்சிருந்தாலே உள்ளுக்குள்ள உதிர்ந்துபோகும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், ரெண்டு மணி நேர நடையில சோல் தனியா வாயைப் பிளக்கும். கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, நல்லா வளைச்சும் பாருங்க. ஓரத்துல வெடிப்பு ஓடினாலோ பொடி உதிர்ந்தாலோ வேண்டாம். புதுசு வாங்கினா சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரத்துல, அரை சைஸ் கூட்டி வாங்குங்க. இறக்கத்துல விரல் முன்னாடி இடிக்கும், நகம் கறுக்கும். பருத்தி சாக்ஸ் வேர்வையைப் பிடிச்சு வச்சு கொப்புளம் போடும், கம்பளி கலந்தது எடுங்க.

கோ_புதூர்_மலைப்பிரியன்:

பசுமலை அண்ணே, எர்பெத்தே சுற்று அழகுதான், மறுக்கலை. ஆனா கேட்டவர் கேட்டதுக்கு அது பதில் இல்லை. நடுவுல பாதை பாறை விளிம்புல குறுகி, சங்கிலியைப் பிடிச்சுக் கடக்கிற இடம் வருது. இத்தாலிய வகைப்பாட்டுல அது இரட்டை 'இ' (EE), அதாவது தேர்ந்தவங்களுக்கு. ஒற்றை 'இ' சாதாரண மலைநடை, 'டி' (T) உல்லாச நடை. செல்லா ஏற்றம் ஒற்றை 'இ'. எர்பெத்தே பக்கம் ஓடைக் குழிகள்ல ஜூலை தொடக்கம் வரை கெட்டிப்பனி கிடக்கலாம், மழை பெய்திருந்தா பாறை வழுக்கும். சதுரகிரியில விழுந்தா புதர் பிடிக்கும், இங்க பிடிக்க ஒண்ணும் இல்லை. போயே ஆகணும்னா குடில் பொறுப்பாளர்கிட்ட ராத்திரியே நிலவரம் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

மரமில்லாததும் கவனிக்கணும். கொடையில 2100 மீட்டர்லயும் சோலைக்காடு இருக்கு. ஆல்ப்ஸ்ல சுமார் 2200 தாண்டினா வெறும் புல்லும் பாறையும்தான், இடி வந்தா ஒதுங்க இடம் கிடையாது. ஜூலையில காலை பளிச்சுன்னு இருக்கும், மத்தியானம் மேகம் திரளும், மூணு மணிக்கு மேல இடி. காலை 7-க்குக் கிளம்பினா 11-க்குள்ள குடில். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும், அவோஸ்தா ஊர்ல 30 இருந்தா செல்லாவுல 17 தான். காத்தும் மழையும் சேர்ந்தா அதுவே உதறும். மழைக்கோட்டு, மெல்லிய கம்பளி, கையுறை மூணும் பையில இருக்கணும்.

வைகைக்கரை:

புரிஞ்சது, சங்கிலி வேண்டவே வேண்டாம். வந்த வழியே இறங்குறோம். சாப்பாடு, இன்சூரன்ஸ்?

நாகமலையான்:

குடிலுக்கு மே மாதத்துக்குள்ள முன்பதிவு பண்ணுங்க, ராத்திரி சாப்பாடு, படுக்கை, காலை உணவு சேர்ந்த கட்டணமா கேளுங்க. அப்பவே சைவம்னு சொல்லிடுங்க. 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா புரோதோ' – கறி, மீன், கறிச்சாறு இல்லாம. கடைசிச் சொல் ரொம்ப முக்கியம், சூப் பெரும்பாலும் கறிச்சாற்றுல கொதிச்சிருக்கும். பொலெந்தா (மக்காச்சோளக் களி) கிடைக்கும். மேல உருக்கி ஊத்துற ஃபோன்தீனா பாலாடைக்கட்டியில கன்றுக்குட்டி வயிற்று உறைபொருள் இருக்கு, மாப்பிள்ளை அவ்வளவு கறாரா இருந்தா வெறும் களி. படுக்கைக்கு ஆளுக்கொரு உறைத்துணி கொண்டுபோகணும், நம்ம ஊர்ல வேட்டியை மடிச்சு மூணு பக்கம் தைச்சாலே போதும். கையில ரொக்கம் வச்சுக்குங்க.

கடலை மிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை எடுத்துட்டுப் போங்க. பால்கோவாவும் நெய்யும் மட்டும் வேண்டாம். வெளிநாட்டுப் பயணிகள் பால் பொருள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்துல தடை, சுங்கத்துல பிடுங்கிடுவாங்க. மாடு மேயுற சரிவுக்குக் கீழ ஓடைத் தண்ணி குடிக்காதீங்க. ஊர்க் குழாயில 'நோன் பொத்தாபிலே'ன்னு இருந்தா அதையும் தொடாதீங்க.

விசாவுக்கு எடுக்கிற 30,000 யூரோ இன்சூரன்ஸ் மருத்துவச் செலவுக்கு. மலையில தேடி மீட்கிற செலவு அதுல சேர்ந்திருக்கான்னு தனியா வாசிச்சுப் பாருங்க, பல பாலிசியில விலக்கு இருக்கும். அவசியமில்லாம ஹெலிகாப்டர் கூப்பிட்டா அங்க பணம் கேப்பாங்க. அவசர எண் 112. ஹெலிகாப்டர் பார்த்ததும் ரெண்டு கையையும் மேல தூக்கினா உதவி வேணும்னு அர்த்தம், ஒரு கை மேல ஒரு கை கீழன்னா வேண்டாம். சும்மா டாட்டா காட்டிடாதீங்க.