லேண்ட்ரோவர் சீரீஸ் 3: இறக்கத்தில பிரேக் வலப்பக்கம் இழுக்குது, ஹப் சீல் மாத்தியும் ஒயில் நிக்கல

மஸ்கெலியா 88:

அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி சீரீஸ் 3, 88 அங்குலம், 2.25 பெற்றோல் எஞ்சின், நாலு சில்லுக்கும் 10 அங்குல டிரம். இறக்கத்தில பிரேக் பிடிச்சா வலப்பக்கம் இழுக்குது. முதல் மிதியில பெடல் பாதிக்கு மேல உள்ள போகுது, ரெண்டாவது மிதியில மேல வந்து கெட்டியா நிக்குது. இடது முன் டிரம்மைக் கழட்டினா லைனர் (டிரம்மில உரசிப் பிடிக்கிற பட்டை) முழுக்க ஒயில். ஹப் சீல் புதுசு போட்டும் திரும்ப நனைஞ்சிருக்கு. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், சீல் எல்லாத்தையும் மாத்தச் சொல்றாங்க. எதுல தொடங்கணும்? இப்ப இருக்கிற லைனரை பெற்றோல்ல கழுவி நெருப்புல காட்டிப் பாவிக்கலாமா?

இராகலை ஸ்பேனர்:

தம்பி, கடைக்குப் போறதுக்கு முன்னால அது என்ன ஒயில்னு பாருங்க. ஒரு கிளாஸ் தண்ணியில, லைனர்ல வழிச்செடுத்த ஒயில் ரெண்டு சொட்டு விட்டுக் கலக்குங்க. பிரேக் ஒயில்னா தண்ணியோட கலந்துடும். கியர் ஒயில்னா மேல மிதக்கும், கந்தக வாடையும் அடிக்கும். மிதந்தா வீல் சிலிண்டர்ல கை வைக்கவே வேணாம்.

மிதக்கும்னுதான் நினைக்கிறேன். சீரீஸ் வண்டியில ஹப் பெயரிங்குக்குக் கிறீஸ்தான், ஒயில் இல்ல. அங்க ஒயில் வந்திருக்குன்னா அது ஸ்விவல் கூட்டுல, அதாவது முன் சில்லு திரும்புற உருண்டை மூட்டோட உறையில இருந்து வந்தது. வர்றதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஸ்டப் ஆக்ஸிலுக்குள்ளால (ஹப் சுத்துற குட்டை அச்சு) ஹப்புக்கு வந்து, கிறீஸைக் கரைச்சுக்கிட்டு ஹப் சீலைத் தாண்டும். கிறீஸ் கஞ்சி மாதிரி வழிஞ்சா இதுதான். ரெண்டாவது, பிரேக் தட்டுக்கும் ஸ்விவல் கூட்டுக்கும் நடுவுல இருக்கிற கடதாசி கேஸ்கட். அது போனா ஒயில் நேரா டிரம்முக்குள்ள இறங்கும், ஹப் சீலுக்குச் சம்பந்தமே இருக்காது. ஹப் முதுகு காய்ஞ்சிருந்து, ஸ்டப் ஆக்ஸில் போல்ட் ஆறையும் சுத்தி ஈரம் இருந்தா கேஸ்கட்.

அடுத்தது மட்டம். வண்டியைச் சமதரையில விடுங்க; சரிவுல பார்த்த மட்டம் மட்டமே இல்ல. இடது ஸ்விவலோட லெவல் பிளக்கைக் கழட்டுங்க. ஒரு பக்கத்துக்குச் சுமார் அரை லீற்றர்தான் கணக்கு. பிளக் வாயோட நின்னா நல்லது. கழட்டின உடனே கொட்டினா, முன் டிஃப் (ஆக்ஸில் நடுவுல இருக்கிற பல்சக்கரப் பெட்டி) ஒயில், ஆக்ஸிலுக்கும் ஸ்விவலுக்கும் நடுவுல இருக்கிற உள் சீலைத் தாண்டி வந்து நிரம்பியிருக்கு. டிஃப் பிளக்கையும் திறந்து விரலை விட்டுப் பாருங்க, அங்க குறைஞ்சிருக்கும்.

அதோட ஆக்ஸில் மேல இருக்கிற பிரீதர். விரல் நுனியளவு சின்ன வால்வு. சேறும் பெயின்டும் அடைச்சிருந்தா, ஓட்டத்துல ஆக்ஸில் சூடேறி உள்ள காத்து விரியும், வெளிய போக வழியில்லாம ஒயிலைச் சீல் வழியாத் தள்ளும். அதே சூட்டோட ஓடையில இறக்கினா காத்து சுருங்கித் தண்ணியை உள்ள இழுக்கும், ஒயில் பால் நிறமாகும். எத்தனை சீல் போட்டாலும் பிரீதர் அடைச்சிருந்தா காசு வீண். கழட்டிப் பெற்றோல்ல ஊறவச்சு, குலுக்கினா உள்ள குண்டு ஆடுற சத்தம் கேட்கணும்.

லைனரைக் கழுவிச் சுடுற கதையை விடுங்க. ஒயில் உள்ள வரைக்கும் ஊறிடும். வெளிய காய்ஞ்சு நல்லாத் தெரியும், இறக்கத்தில சூடேறினதும் திரும்பக் கசியும். முன் ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாத்தணும். ஒரு பக்கம் மட்டும் மாத்தினா இழுவை வேற திசைக்குப் போகும், அவ்வளவுதான்.

ஹப்புத்தளை 109:

ஸ்பேனர் அண்ணன் சொன்னது இழுவைக்கு. பெடல் உள்ளே போவது தனிக் கோளாறு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. இரண்டாவது மிதியில் கெட்டியாக நின்றால் பெரும்பாலும் ஷூ (லைனர் ஒட்டிய வளைந்த தகடு) டிரம்மை விட்டுத் தூரமாக இருக்கிறது. காற்று இருந்தால் பெடல் ஸ்பொஞ்ச் போல அமுங்கும். காலை அழுத்தி வைத்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டர்.

உறுதிப்படுத்த ஒரு வழி: நான்கு சில்லிலும் அட்ஜஸ்டரை இறுக்கி ஷூவை டிரம்மோடு முட்ட வையுங்கள். இப்போது பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் இருந்தால் அட்ஜஸ்ட்மென்ட் மட்டும்தான் பிரச்சினை. அப்போதும் அமுங்கினால் காற்று, அல்லது வீங்குகிற ஹோஸ். வண்டியில் மூன்று ரப்பர் ஹோஸ்கள், முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று. ஹோஸ் கிளாம்பால் ஒவ்வொன்றாக அடைத்து மிதித்தால் எந்தப் பக்கம் என்று பிடிபடும். ஹோஸை வெறும் பிளையரால் நெரிக்க வேண்டாம், உள் ரப்பர் கிழியும்.

88இல் சில்லுக்கு ஒரே அட்ஜஸ்டர், பிரேக் தட்டின் பின்னால் இருக்கிறது. சில்லைத் தூக்கி, கையால் சுற்றிக்கொண்டே பூட்டும் வரை திருகுங்கள். பெடலை ஒரு முறை பலமாக மிதித்தால் ஷூ நடுவுக்கு வரும். மீண்டும் திருகி, பிறகு சில்லு உரசாமல் சுற்றும் வரை மட்டும் தளர்த்துங்கள்.

தூக்கும்போது கவனம். இந்த வண்டியின் ஹேண்ட்பிரேக் சில்லில் இல்லை, டிரான்ஸ்பர் பெட்டியின் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பின்னால் ஷாஃப்ட்டில் பிடிக்கிறது. பின் சில்லு ஒன்றைத் தூக்கினால், டிஃப் வழியாகத் தூக்கிய சில்லு சுற்றும், தரையிலுள்ள சில்லு உருளும். ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தாலும் வண்டி நகரும். நம் ஊரில் சமதரை கிடைப்பது அபூர்வம், ஆகவே தரையிலுள்ள சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போக வேண்டாம், ஸ்டாண்ட் போடுங்கள். பழைய லைனர் தூசியில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

மஸ்கெலியா 88:

நன்றி. தண்ணியில மிதக்குது. ஸ்விவல் பிளக்கைக் கழட்டினதும் கொட்டுச்சு, டிஃப்ல விரலுக்கு ஒயில் எட்டல. பிரீதர் கல்லு மாதிரி அடைச்சிருந்துச்சு. நாலையும் இறுக்கினதும் பெடல் உயரமா, கெட்டியா நிக்குது. அப்ப உள் சீலும் மாத்தணுமா? ஸ்விவல்ல ஒயிலுக்குப் பதிலா கிறீஸ் போடச் சொல்றாங்களே? அதுவரைக்கும் லோ கியர்லயே இறங்கிச் சமாளிக்கலாமா?

இராகலை ஸ்பேனர்:

முதல்ல பிரீதரைச் சரிபண்ணி, ரெண்டு மட்டத்தையும் சரியாக்கிக் கொஞ்சம் ஓட்டிட்டு ஸ்விவல் பிளக்கைத் திரும்பப் பாருங்க. ஏறாம நின்னா உள் சீல் தப்பிச்சது. திரும்ப ஏறினா வேற வழியில்ல: ஹப், ஸ்டப் ஆக்ஸில், அரை ஷாஃப்ட் கழட்டி, ஸ்விவல் உருண்டையை ஆக்ஸில்ல இருந்து பிரிக்கணும். ஒரு நாள் வேலை.

கிறீஸ் விஷயத்தில எனக்கு ஒப்புதல் இல்ல. உருண்டையோட குரோம் துருப்பிடிச்சுப் பொத்தல் விழுந்து வெளிச்சீல் நிக்காத வண்டிக்கு அது சரி. உங்க வண்டியில டிஃப் ஒயில் உள்ள வந்து கிறீஸைக் கரைக்கும். டிஃப் காலியாகிறது தெரியாமலே போயிடும். ஈ.பீ. 90 கியர் ஒயில் போடுங்க. ஃப்ரீ வீல் ஹப் (முன் சில்லை ஷாஃப்ட்ல இருந்து பிரிச்சு விடுற ஹப்) இருந்தா இடைக்கிடை லொக் பண்ணி ஓட்டுங்க. முன் ஷாஃப்ட் சுத்தினாத்தான் ஸ்விவலோட மேல் பின்னுக்கு (திரும்புற முளைக்கு) ஒயில் தெறிக்கும்.

பண்டாரவளை லேத்:

ஹப் சீல் பற்றி ஒரு வார்த்தை. சீலின் உதடு ஓடுவது ஸ்டப் ஆக்ஸிலில் இறுக்கிய வளையத்தின் மேல். அதில் நகம் மாட்டும் அளவு பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் ஒழுகும். வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள். 1980இல் ஹப் மாறியது, ஆகவே கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போனால் பழைய சீலையும் வளையத்தையும் கையில் கொண்டுபோங்கள். வண்டியின் பெயரைச் சொல்லி வாங்கினால் பொருந்தாதது வரும். சீலின் உதடு பெயரிங் பக்கம் பார்க்க வேண்டும். ஹப் நட்டுக்கு 52 மில்லிமீற்றர் பெட்டி ஸ்பேனர். உளியால் அடித்துத் திருப்பிய நட்டுகள் எங்களிடம் நிறைய வருகின்றன, பார்க்கவே வயிறெரியும். பெயரிங் ஆட்டம் 0.10 முதல் 0.15 மில்லிமீற்றர், டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். இரண்டு நட்டுக்கும் நடுவிலுள்ள வாஷரை மடித்த பின் இன்னொரு முறை அளக்க வேண்டும், லொக் நட்டை இறுக்கும்போது ஆட்டம் குறையும்.

டிரம் 254 மில்லிமீற்றர். கடைந்து எடுக்கக்கூடியது விட்டத்தில் 0.75 வரைதான், முன் இரண்டையும் ஒரே அளவுக்கு. அதற்கு மேல் போனால் ஷூவின் நடு மட்டும் தொடும், பெடலும் திரும்ப இறங்கும்.

ஹப்புத்தளை 109:

லோ கியர் கேள்விக்கு: ஒயில் ஊறிய லைனரோடு இறங்கவே வேண்டாம். சரிசெய்த பிறகும் ஒரு விஷயம். டிரான்ஸ்பர் பெட்டியில் லோ போட்டால் இந்த வண்டியில் நான்கு சில்லும் தானாகச் சேரும், நடுவில் டிஃப் கிடையாது. காய்ந்த தார் ரோட்டு முடக்குகளில் முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு ஷாஃப்ட்டைத் தின்னும். தோட்டத்துக் கல் ரோட்டுக்கு லோ, ரம்பொடை மாதிரி தார் இறக்கத்துக்கு ஹையில் இரண்டாவது கியர். ஃப்ரீ வீல் ஹப்பைத் திறந்து விட்டால் தாரிலும் லோ போடலாம், ஆனால் எஞ்சின் பிடிப்பு பின் சில்லுக்கு மட்டும்தான். மழையில் பின் வழுக்கும்.

பிரேக் ஒயிலையும் மாற்றிவிடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகையில் கொதிக்கும், ஈரம் ஏறியது 155க்கே கொதிக்கலாம். நீண்ட இறக்கத்தில் டிரம் அந்தச் சூட்டைக் கொடுக்கும். பிரேக் குழாயில் காற்று எடுக்கும் வரிசை இடது பின், வலது பின், இடது முன், வலது முன். ஹேண்ட்பிரேக் அட்ஜஸ்டரைப் பூட்டும் வரை திருகி இரண்டு கிளிக் பின்னுக்கு விடுங்கள். அந்த டிரம்முக்குள்ளும் ஒயில் இருந்தால் டிரான்ஸ்பர் பெட்டியின் பின் சீல்.