பினாங்கு வெயில், மழை இரண்டையும் தாங்கும் டெக் பூச்சு எது?

வணக்கம். தஞ்சோங் பூங்காவில், கடலிலிருந்து சற்றே தள்ளி எங்கள் வீடு. பின்புறம் பாலாவ் என்ற கடின மரத்தில் டெக் (திறந்தவெளி மரத்தளம்), 12 அடிக்கு 20 அடி, கூரை கிடையாது. மரம் உறுதியாகத்தான் இருக்கிறது. பூச்சுதான் நிற்பதே இல்லை.

2022இல் டெக் போட்டவர் பளபளப்பான வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். ஒரு வருடத்திற்குள் தோல்போல உரிந்து, அடியில் ஈரம் தங்கி மரம் கருத்துவிட்டது. எல்லாவற்றையும் தேய்த்தெடுத்து, கருமை போக ஆக்ஸாலிக் அமிலம் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, நிறமில்லாத டெக்கிங் ஆயில் அடித்தோம். அது உரியவில்லை, சரி. ஆனால் சில மாதங்களிலேயே வெயில் படும் பக்கம் சாம்பல் நிறமாகிவிட்டது. மாமர நிழல் விழும் மூலையில் கரும்பூஞ்சை. ப்ளீச் போட்டால் மறைகிறது, மழை தொடங்கியதும் திரும்ப வருகிறது. காலையில் அப்பா அங்கேதான் நடப்பார், வழுக்கிவிடுமோ என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

நிறமி இருந்தால்தான் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று தெரியும். ஆனால் பாலாவ் அடர்த்தியான மரம், எதையும் எளிதில் உறிஞ்சாது. அப்புறம் அந்த உப்புக்காற்று வேறு.

கடலோரத்தில் இதுபோன்ற கடின மரத்தில் அடித்து, இரண்டு வருடமாவது தாங்கிய பூச்சு உங்கள் அனுபவத்தில் எது: நிறமி கலந்த ஆயிலா, தண்ணீர் கலக்கும் ஸ்டெயினா (மரத்துக்கு நிறமேற்றும் பூச்சு)?