மறு: அரோமேட்டேஸ் – 'நறுமணமாக்கி' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

உடல் பருமனும் மார்பகப் புற்றுநோயும் கட்டுரைக்கான சொற்பட்டியல் முக்கால்வாசி முடிந்துவிட்டது. அழற்சி, ஏற்பி, பெருவிழுங்கி எதிலும் யாருக்கும் மறுப்பில்லை. ஆண்ட்ரோஜன் என்ற இயக்குநீரை (ஹார்மோனை) ஈஸ்ட்ரோஜன் என்ற இயக்குநீராக மாற்றும் நொதியான அரோமேட்டேஸுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பதுதான் இழுத்துக்கொண்டே போகிறது.

> அரோமா என்றால் நறுமணம். 'நறுமணமாக்கி நொதி' என்றே வைத்துவிடலாம்.

வேண்டாம் என்பேன். வேதியியலில் அரோமேட்டிக் என்பது பென்சீன் வகை வளையத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் முதலில் தெரியவந்த சில பொருள்கள் மணத்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். இந்த நொதி எதையும் மணக்கவைப்பதில்லை. ஆண்ட்ரோஜனின் நான்கு வளையங்களில் முதலாவதைப் பென்சீன் வகையாக மாற்றுகிறது. அப்போது ஒரு கார்பன் கழன்றுவிடும்: 19 கார்பன் கொண்ட ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற ஆண்ட்ரோஜன் 18 கார்பன் கொண்ட ஈஸ்ட்ரோன் என்ற ஈஸ்ட்ரோஜன் ஆகிவிடும்.

> அப்படியானால் 'வளையமாற்றி'?

வேதியியல்படி சரியான சொல். ஆனால் நம் கட்டுரையைப் படிக்கப்போவது யார்? என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு லெட்ரோசோல் எழுதிக் கொடுத்தார்கள். ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கிற மாத்திரை என்று சொன்னதும், "எனக்கு மாதவிடாய் நின்னு எட்டு வருஷம் ஆச்சே, இனிமே எங்கிருந்துடா ஈஸ்ட்ரோஜன் வரும்?" என்று கேட்டாள். அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. 'வளையமாற்றியைத் தடுக்கிறது' என்று சொல்லியிருந்தாலும் அவளுக்கு எதுவும் விளங்கியிருக்காது.

அவள் கேள்விக்குப் பதில் கொழுப்புத் திசு. சினைப்பை ஓய்ந்த பிறகு, முக்கியமாக அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்ட்ரோஜனைக் கொழுப்புத் திசுவில் இருக்கும் இந்த நொதிதான் ஈஸ்ட்ரோஜனாக்குகிறது. கொழுப்பு கூடினால் இதுவும் கூடும். அதோடு நிற்பதில்லை. அளவுமீறிப் பருத்த கொழுப்புச் செல்கள் மடியும்போது பெருவிழுங்கிகள் (மடிந்த செல்களை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) அவற்றைச் சுற்றி மகுடம் போல நின்றுகொள்கின்றன. அந்த அழற்சியில் வெளிவரும் டிஎன்எஃப் ஆல்ஃபா, புரோஸ்டாகிளாண்டின் இ2 போன்ற அழற்சிப் பொருள்கள் பக்கத்துச் செல்களில் இந்த நொதிக்கான மரபணுவை இன்னும் முடுக்கிவிடுகின்றன. மார்பகத்திலும் கொழுப்புத் திசு நிறைய. ஆகவே ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தில் வந்து சேரும்வரை புற்றுச்செல் காத்திருக்க வேண்டியதில்லை. ஈஸ்ட்ரோஜன் பக்கத்திலேயே உருவாகி, அதைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஏற்பியில் சேர்ந்து, புற்றுச்செல்லைப் பெருகவைக்கிறது. பருமனுக்கும் புற்றுநோய்க்கும் இடையே லெப்டின், இன்சுலின் ஆகிய இயக்குநீர்களின் வழிகளும் உண்டு, அவற்றின் பெயரில் நமக்குச் சிக்கல் இல்லை.

எனவே என் பரிந்துரை: ஈஸ்ட்ரோஜனாக்கி. மருந்துக்கு ஈஸ்ட்ரோஜனாக்கித் தடுப்பான். பெயரைக் கேட்டதுமே அது என்ன செய்கிறது, மாத்திரை எதை நிறுத்துகிறது என்று அக்காவுக்குப் புரியும்.

> பாதிச் சொல் வேற்றுமொழி. 'பெண்மை இயக்குநீராக்கி' என்றால் முழுத்தமிழ் ஆகுமே?

நானும் முதலில் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். ஆனால் இந்த நொதி ஆண்களுக்கும் உண்டு, ஆண்களின் எலும்பு உறுதிக்கும் ஈஸ்ட்ரோஜன் வேண்டும். 'பெண்மை' என்று பெயரிலேயே சேர்த்துவிட்டால், ஆணின் எலும்பைப் பற்றி எழுதுகிற இடத்தில் அந்தச் சொல் இடிக்கும். தவிர, ஈஸ்ட்ரோஜனை அப்படியே வைத்துக்கொள்வதென்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம். 'ஈஸ்ட்ரோஜன்மாற்றி'யும் சரிவராது, ஈஸ்ட்ரோஜனை வேறு ஏதோ ஒன்றாக மாற்றுவது என்ற பொருள் வந்துவிடும்.

அப்புறம், சொல்லுக்கு வெளியே ஒரு வேண்டுகோள். வரைவில் இரண்டு இடங்களில் 'பருமன் இருந்தால் மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடும்' என்று மொட்டையாக இருக்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் போதிய சான்று இருப்பதாகச் சொன்னது, மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். அதற்கு முந்திய வயதில் இந்தத் தொடர்பு இப்படி இல்லை. 'மாதவிடாய் நின்ற பிறகு' என்பதை எந்த இடத்திலும் விட்டுவிட வேண்டாம்.

மருத்துவர் வாயிலும் மருந்துத் தாளிலும் பழைய பெயரே வரும் என்பதால், கட்டுரையில் முதன்முறை மட்டும் 'அரோமேட்டேஸ் எனப்படும் ஈஸ்ட்ரோஜனாக்கி நொதி' என்று எழுதிவிட்டு, அதன்பின் ஈஸ்ட்ரோஜனாக்கி என்று மட்டும் எழுதலாமா? மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.