‘விளிம்பு உணரி’ வேண்டாம், ‘மாறுநிலை உணரி’ என்போம்

அன்புள்ள ஐயாவுக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

சின்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களை வட்டப்பாதையில் சுழற்றி எக்ஸ் கதிர் உண்டாக்கும் முடுக்கி) நிலையங்களில் ஆற்றல் குறைந்த மென் எக்ஸ் கதிர் நிறமாலையியலுக்குப் பயன்படும் மீக்கடத்து (மின்தடையற்ற நிலைக்கு மாறும் பொருளால் ஆன) உணரிகளின் சொற்பட்டியலைப் பார்த்தேன். அதில் முதற்கருவிக்குக் கடலூரிலிருந்து தாங்கள் முன்வைத்த ‘நிலைமாற்ற விளிம்பு உணரி’, ‘டிரான்சிஷன் எட்ஜ் சென்சார்’ என்ற ஆங்கிலப் பெயரை உறுப்புக்கு உறுப்பு தமிழாக்குகிறது. ஆயினும் அதிலுள்ள ‘விளிம்பு’ நீங்க வேண்டும் என்று கருதுகிறேன்.

இந்தக் கருவியில் விளிம்பு என்று சுட்டிக்காட்டத்தக்க பகுதி எதுவும் இல்லை. மாலிப்டினம், செம்பு ஆகியவற்றின் ஈரடுக்குப் படலம் போன்ற ஒரு மீக்கடத்தியை ஏறத்தாழ 0.1 கெல்வினுக்குக் குளிர்வித்து, மின்தடை சுழியிலிருந்து இயல்பு மதிப்புக்குச் செங்குத்தாக ஏறும் மிகக் குறுகிய வெப்பநிலை இடைவெளியின் நடுவில் நிறுத்துகிறார்கள். ஒரே ஓர் எக்ஸ் கதிர் ஃபோட்டான் உட்கவரப்பட்டாலும் படலம் சற்றே சூடேறி, மின்தடை கூடி, மின்னோட்டம் குறைகிறது. அந்தக் குறைவைக் கொண்டு ஃபோட்டானின் ஆற்றலை அளக்கிறார்கள். மின்னழுத்தத்தை நிலையாக வைத்துப் படலம் தன்னைத்தானே அந்த இடைவெளியில் நிறுத்திக்கொள்ளும் முறையை 1995இல் கென்ட் இர்வின் முன்வைத்த பிறகுதான் இக்கருவி நடைமுறையில் வேரூன்றியது.

இதைவிட வலுவான தடை ஒன்று உண்டு. எக்ஸ் கதிர் நிறமாலையியலில் ‘உட்கவர் விளிம்பு’, அதாவது அணு எக்ஸ் கதிரைத் திடீரென மிகுதியாக உட்கவரத் தொடங்கும் ஆற்றல், ஏற்கெனவே நிலைபெற்ற கருத்து. கார்பனின் கே விளிம்பு (அணுவின் உள் கூடான கே கூட்டுக்குரியது) 284 எலக்ட்ரான் வோல்ட், ஆக்சிஜனின் கே விளிம்பு 543 எலக்ட்ரான் வோல்ட் என்றுதான் எழுதுகிறோம். ‘ஆக்சிஜனின் கே விளிம்பை விளிம்பு உணரியால் அளந்தனர்’ என்ற வாக்கியத்தைப் படிக்கும் மாணவர், உட்கவர் விளிம்பை உணர்வதற்கென்றே அமைந்த கருவி இது என்றுதான் கொள்வார்.

ஆகவே ‘மீக்கடத்து மாறுநிலை உணரி’ என்று முன்மொழிகிறேன். சுருக்கமாக ‘மாறுநிலை உணரி’ போதும். புதுச்சேரியிலும் கடலூரிலும் தமிழ்வழியில் இயற்பியல் படித்தவர்களுக்கு, பாதரசம் 4.2 கெல்வினில் மீக்கடத்தியாவதைக் கற்ற பாடத்திலேயே ‘மாறுநிலை வெப்பநிலை’ அறிமுகமாகியிருக்கும். கருவி நிற்பதும் அந்த வெப்பநிலையில்தான் என்பதால், பெயரே அதன் இயக்கத்தைச் சொல்லிவிடுகிறது. ‘சரிவு உணரி’ என்ற மாற்றுக் கருத்தும் வந்திருந்தது. மின்தடை ஏறும் இடத்தைச் சரிவு என்பது எனக்கு ஒப்பவில்லை.

பெயரைச் செம்மையாக அமைக்க நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் கருவியின் திறனே காரணம். அணுக்கள் உமிழும் எக்ஸ் கதிர் வரிகளில், வனேடியத்தின் எல் வரி 511 எலக்ட்ரான் வோல்ட்டிலும் ஆக்சிஜனின் கே வரி 525இலும் விழுகின்றன. வழக்கமான சிலிக்கான் உணரியில் அவை ஒன்றோடொன்று கலந்து ஒரே மேடாகத் தெரியும். ஸ்டான்ஃபோர்டு சின்க்ரோட்ரானில் நிறுவப்பட்ட 240 படப்புள்ளி மாறுநிலை உணரித் தொகுதி போன்றவை, 1 முதல் 2 எலக்ட்ரான் வோல்ட் வரையிலான பிரிதிறனால் (அருகருகே உள்ள ஆற்றல்களைப் பிரித்தறியும் திறன்) அவற்றைத் தனித்தனியே காட்டக்கூடியவை. நுண்கீற்றுகளால் கதிரை ஆற்றல்வாரியாகப் பிரிக்கும் கீற்றணி நிறமாலைமானி இதைவிட நுட்பமாகப் பிரிக்கும் என்றாலும், அதில் வந்து சேரும் ஃபோட்டான்கள் மிகக் குறைவு. ஆகவே செறிவு குறைந்த, கதிர்வீச்சால் எளிதில் சிதையும் உயிரியல் மாதிரிகளுக்கு மாறுநிலை உணரியே பொருந்தும்.

பட்டியலின் இரண்டாம் சொல்லான ‘மீக்கடத்து ஊடுருவல் சந்தி’யில் (ஆங்கிலத்தில் ‘சூப்பர்கண்டக்டிங் டனல் ஜங்ஷன்’) எனக்கு மறுப்பில்லை. முதற்சொல்லுக்கு மட்டும் தங்கள் இசைவைத் தெரிவித்தால், அட்டவணையில் திருத்திவிடுகிறேன்.

அன்புடன்,
லாசுப்பேட்டையிலிருந்து