கணையம் முழுக்கக் கல். தலைப்பகுதி வீக்கம் புற்றா, பழைய அழற்சியா?

ஆண், 46 வயது, தென்காசிப் பக்கம். குடி, புகை இல்லை. வெப்பமண்டலக் கணைய அழற்சி (குடி இல்லாமலே வெப்பநாடுகளில் வரும் நாள்பட்ட அழற்சி), 18 வருடமாகக் கால்சியக் கற்கள். நாலு மாதத்தில் 7 கிலோ எடை போய்விட்டது. இன்சுலின் 24 யூனிட்டிலிருந்து 46க்கு ஏற்றியும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 7.4இலிருந்து 10.1. முன்பு மேல்வயிற்றில் வந்து போன வலி இப்போது முதுகுக்குப் பாய்கிறது. ராத்திரி தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தால்தான் தணிகிறது. காமாலை இல்லை. இந்த வகை அழற்சியில் கணையப் புற்று வரும் வாய்ப்பு அதிகம், அதுவும் இளவயதிலேயே. அதனால் பழைய வலி என்று விட மனமில்லை.

எடை குறைவது செரிமானக் கோளாறாலா என்று பார்க்க, சாப்பாட்டோடு 40,000 யூனிட் கணைய என்சைம், ஆறு வாரம். மலத்தில் எண்ணெய் மிதப்பது நின்றது. எடை ஏறவே இல்லை. என்னை உறுத்துவது இதுதான்.

சி.ஏ. 19-9 (கணையப் புற்றில் ஏறும் ரத்தக் குறியீடு): 61, சற்றே அதிகம். அழற்சியிலும், சுகர் எகிறினாலும் இது ஏறும் என்பதால் முடிவு சொல்ல முடியவில்லை. முதலில் எடுத்தது பொதுவான வயிற்று சி.டி., கணையத்துக்கென்று எடுத்ததல்ல. அதனால் மறுபடி, கணையம் தெளிவாகத் தெரியும்படி, கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி 45 விநாடியில், 1 மி.மீ. வெட்டுகளில் எடுத்தோம்: தலைப்பகுதி பருத்திருக்கிறது, தனிக் கட்டி இல்லை. எம்.ஆர்.ஐ.யும் அதையே சொல்கிறது. எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டில் கற்களின் நிழல் விழுந்து, பின்னால் இருப்பது தெரியவில்லை. ஊசியில் எடுத்த திசுவில் அழற்சி மட்டும். ஊசி கட்டியைத் தவறவிட்டிருக்கலாம்.

இந்த நிலையில் இன்னொரு தடவை ஊசி போட்டுப் பார்ப்பீர்களா, நேரே தலைப்பகுதியை எடுக்கும் அறுவைக்கு அனுப்புவீர்களா?